கூட்டம் வேறு, வாடிக்கையாளர் வேறு: ரங்கூன் மசாலா கம்பெனி ஒன்றில் கற்ற விளம்பரப் பாடங்கள்

ரங்கூனில் 2014-க்கு முன்னால் ஒரு கம்பெனி தன் பெயரைப் பரப்ப என்னென்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடக் கடைசியில் காலண்டர் அடிக்கும். டீக்கடைக்கும் வெற்றிலைக் கடைக்கும் பெரிய குடை கொடுக்கும். பலசரக்குக் கடைக்காரருக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுத்து, அதில் பாதி இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு டி-சர்ட் அடித்து விடும். கையில் கொஞ்சம் பணம் புரளுகிறவர்கள் பத்திரிகைக்கும் டிவிக்கும் போவார்கள். அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்தது ஒரு தமிழ்க் குடும்பத்தின் மசாலா, பருப்பு பாக்கெட் கம்பெனியில். தாத்தா காலத்தில் மல்லியும் மஞ்சளும் சாக்கில் விற்ற கடை, மகன் காலத்தில் பாக்கெட்டுக்கு மாறியது. பேரன் தலையெடுத்தபோது ஃபேஸ்புக் வந்துவிட்டது. கணக்கு எழுதப் போன என்னை, "பர்மாப் பாஷை நல்லா எழுதறியேம்மா, பேஜை நீயே பார்த்துக்கோ" என்று முதலாளி உட்காரவைத்தார். எங்கள் சரக்கில் அதிகம் ஓடியது டான்பவுக் மசாலா. டான்பவுக் என்பது பர்மா பிரியாணி. கல்யாணமோ அன்னதானமோ ஆபீஸ் விருந்தோ, பெரிய அண்டாவில் அதுதான் வேகும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பர்மியர்கள். எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் மசாலாவை இன்னும் சொந்தமாகத்தான் அரைக்கிறார்கள். அவர்களை நம்பி மசாலா கம்பெனி நடத்த முடியாது.

2014 ஆகஸ்டில் ஊரேடு என்ற வெளிநாட்டு மொபைல் கம்பெனி சேவையைத் தொடங்கியது, சில வாரங்களில் டெலினாரும் வந்தது. அதுவரை லட்சக்கணக்கில் சாட் (பர்மா நாணயம்) கொடுத்து வாங்கிய சிம் கார்டு 1,500 சாட்டுக்கு வீதியில் கிடைத்தது. போன் விற்ற கடைக்காரரே ஃபேஸ்புக்கையும் ஏற்றி, கணக்கையும் திறந்து கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர், ஈமெயில், இணையதளம் என்ற படிகளில் ஏறாமல் ஊரே நேராக ஃபேஸ்புக்கில் போய் இறங்கியது. 2018 வாக்கில் நாட்டில் அதைப் பயன்படுத்தியவர்கள் இரண்டு கோடியை நெருங்கிவிட்டார்கள். செய்தி படிப்பதும் அங்கேதான், சேலை வாங்குவதும் அங்கேதான். எங்கள் கம்பெனிக்கு இணையதளம் வேண்டும் என்று ஒருவர் பெரிய விலை சொல்லிக்கொண்டு வந்தார். யார் பார்ப்பார்கள் என்று முதலாளி கேட்டார். பதில் இல்லை. அந்தக் காலத்துக்கு அது சரியான கேள்விதான்.

பேஜைத் தொடங்கியதும் முதலில் வருவது பணம் கட்டுகிற தலைவலி. விளம்பரத்துக்கு ஃபேஸ்புக் கேட்டது விசா, மாஸ்டர் மாதிரி கார்டு. எங்கள் ஊரில் அது வைத்திருந்தவர்கள் சொற்பம். அதனால் "பூஸ்ட்" (பணம் கட்டிப் போஸ்டை அதிகம் பேருக்குக் காட்டவைப்பது) செய்து தருகிறோம் என்று வீதிக்கு வீதி ஆட்கள் கிளம்பினார்கள். சாட்டாகக் கொடுத்தால் அவர்கள் கார்டிலிருந்து டாலராகக் கட்டுவார்கள். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு ஜவுளி வியாபாரி பேஜைத் திறக்கும் வேலையையே அப்படி ஒரு ஏஜென்சியிடம் விட்டிருந்தார். அவர்கள் தங்கள் ஆள் ஒருவரின் கணக்கில் பேஜைத் திறந்திருக்கிறார்கள். பிறகு மனஸ்தாபம் வந்தபோது அவருடைய கடையின் பேஜ் அவர் கையில் இல்லை. பழைய பெயரில் பழைய பேஜ் ஓடிக்கொண்டே இருக்க, புதிதாக ஒன்றைத் தொடங்கி, "இதுதான் அசல்" என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு ஒரு வருடம் போனது. ஆகவே பேஜின் முழு உரிமை முதலாளி வீட்டில் இருவர் கணக்கிலாவது இருக்கட்டும். பூஸ்ட் செய்கிறவருக்கு விளம்பரம் போடும் உரிமை மட்டும் போதும். எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்குப் போனது என்ற கணக்கை அவர் சொல்லிக் கேட்காமல் திரையில் நாமே பார்க்க வேண்டும். கட்டிய டாலரும் வாங்கிய சாட்டும் பொருந்தாத கதைகள் ஊரில் நிறைய உண்டு.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பர்மாவில் விளம்பர வேலை செய்த எல்லோரையும் படுத்தியது இது. அப்போது நாட்டில் பெரும்பாலான போன்களில் இருந்தது ஸோஜீ என்ற எழுத்துரு. உலகத்துக்குப் பொதுவானது யூனிகோடு. ஸோஜீயில் எழுதியதை யூனிகோடு போனில் பார்த்தால் எழுத்துகள் இடம் மாறி, கொம்பும் சுழியும் தனித்தனியாக மிதக்கும். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே கதி. ஒரு சமையல் குறிப்பு போட்டால் ஒரு பகுதி மக்களுக்குக் கிறுக்கலாகத் தெரியும். ஒரே போஸ்டில் மேலே ஸோஜீ, கீழே யூனிகோடு என்று இரண்டு முறை எழுதுவோம். அரசாங்கம் 2019 அக்டோபர் 1-ஐ யூனிகோடுக்கு மாறும் நாளாக அறிவித்தது. ஃபேஸ்புக்கும் அதே சமயத்தில் தானாக மாற்றிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மூச்சு வந்தது.

அதற்கு முன்பு எல்லோரும் கண்டுபிடித்த குறுக்குவழி, எழுத்தையே படமாக்கிப் போடுவது. படத்தில் எழுத்துரு பிரச்சினை கிடையாது. ஆனால் அங்கே வேறொரு முட்டுக்கட்டை. விளம்பரப் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எழுத்து இருந்தால் ஃபேஸ்புக் அதைக் குறைவானவர்களுக்கே காட்டும்; 2020 செப்டம்பர் வரை அப்படித்தான். எழுதினால் புரியாது, படமாக்கினால் போகாது. கடைசியில் எங்களைக் காப்பாற்றியது குரல். டான்பவுக் கடை வைத்திருக்கும் ஒருவரை அண்டா முன் நிறுத்தி, அரிசியை எப்போது வடிப்பது, மசாலாவை எப்போது போடுவது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து வீடியோ எடுத்தோம். விலையையும் போன் நம்பரையும் மட்டும் படத்தில் போட்டோம். எண்கள் எந்தப் போனிலும் ஒழுங்காகத்தான் தெரியும். வேறு எந்தப் போஸ்டையும்விட அந்த வீடியோக்களுக்குத்தான் இன்பாக்ஸ் நிறைந்தது. அந்தச் சமையல்காரர் பேசிய பர்மியம் டிவி பர்மியம் அல்ல, சந்தைக்கடைப் பர்மியம். அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்பாக்ஸ் என்றதும் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. பர்மாவில் எந்த விற்பனைப் போஸ்டுக்குக் கீழேயும் "பெலௌக்லே?" என்று ஐம்பது கமெண்ட் இருக்கும், என்ன விலை என்று. அதற்குக் கம்பெனிகள் "இன்பாக்ஸ் பாருங்கள்" என்று பதில் போடும். போட்டியாளருக்கு விலை தெரியக்கூடாதாம். போட்டியாளர் கடைக்குப் போய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. நாங்கள் விலையை வெளிப்படையாகப் போட்டோம். கேள்விகள் குறைந்தன, வந்த கேள்விகள் உருப்படியாக இருந்தன: "நூறு பேருக்கு எத்தனை பாக்கெட்?", "கோழிக்கு எவ்வளவு, பட்டாணிக்கு எவ்வளவு?" இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறவர் அடுப்பு மூட்டத் தயாராக இருப்பவர். அவருக்கு அன்றைக்கே பதில் போயாக வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் இவர்கள் அதிகம் எழுதுவார்கள், ஆபீஸ் நேரத்தில் மட்டும் பேஜைப் பார்க்கிறவருக்கு இவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

பரிசுப் போட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "லைக் பண்ணுங்கள், ஷேர் பண்ணுங்கள், மூன்று நண்பர்களை டேக் பண்ணுங்கள், ரைஸ் குக்கர் வெல்லுங்கள்" என்ற வகை. ஒருவருடைய சொந்தப் பக்கத்தில் ஷேர் செய்யவைத்து அதைப் போட்டியின் நிபந்தனையாக்குவது ஃபேஸ்புக் விதிப்படியே கூடாது. 2017 டிசம்பரில், லைக்கும் ஷேரும் கெஞ்சிக் கேட்கிற போஸ்ட்களைக் கீழே தள்ளப்போவதாகவும் அறிவித்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. பேஜ் பேஜாகப் போய்ப் போட்டியில் கலந்துகொள்கிறவர்கள். அவர்கள் மசாலா வாங்குவதில்லை. மாறாக, பாக்கெட்டுக்குள் சீட்டு வைத்து அதிர்ஷ்டம் பார்க்கிற பழைய முறை இருக்கிறதே, காப்பி, பால், சர்க்கரை மூன்றும் சேர்ந்த காப்பிப் பொடிக் கம்பெனிகள் எல்லாம் செய்வது, அதில் குறைந்தபட்சம் பாக்கெட்டை வாங்கினால்தான் சீட்டு. பரிசு விழுந்தவரின் புகைப்படத்தை அவர் சம்மதத்தோடு பேஜில் போட்டால் போதும். பரிசு நிஜமாகவே கொடுக்கிறார்கள் என்று ஊர் நம்பும்.

சரி, விழாக்களுக்கு வருகிறேன்.

ஏப்ரல் நடுவில் திஞ்சான். கண்டவ்ஜி, இன்யா ஏரிக்கரைகளிலும் பெரிய சாலைகளிலும் மண்டாட் எனப்படும் மேடைப் பந்தல்கள் எழும். ஏரித் தண்ணீரை இறைத்துக் குழாய் குழாயாக ஜனங்கள் மேல் பீய்ச்சுவார்கள். மேடையில் பாட்டும் ஆட்டமும். பந்தலின் தலையில் பீர், போன், சத்துப் பானக் கம்பெனிகளின் பெயர்கள். ஒரு வருடம் பெரிய பந்தல் ஒன்றில் நாங்களும் துணை ஆதரவாளராகச் சேரலாம் என்று யோசனை வந்தது. முதலாளியின் மகனுக்கு ரொம்ப ஆசை. நான் கேட்டது ஒன்றுதான்: அங்கே நனைய வருகிற இருபது வயதுப் பையன் வீட்டில் மசாலா யார் வாங்குகிறார்கள்? அவன் அம்மா. அம்மா அந்த நான்கு நாளும் வெளியே தலைகாட்டுவாளா? வீட்டில் இருப்பாள், இல்லாவிட்டால் மடாலயத்தில் தியானத்துக்குப் போயிருப்பாள். நனைந்து, காது அடைத்து, பாடகரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போகிறவனுக்குப் பந்தலின் மேல் இருந்த பன்னிரண்டு பெயரில் பன்னிரண்டாவது நினைவிருக்காது. பீருக்கு அது சரிப்படும், அவன்தான் குடிக்கிறவன். மிளகாய்ப்பொடிக்குச் சரிப்படாது.

அதே திஞ்சானில் இன்னொரு வழக்கம் உண்டு, சதுதித்தா. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சோறோ சர்பத்தோ வழங்குவது. தெருத் தெருவாக நடக்கும். நமக்கு அன்னதானம் எப்படியோ அவர்களுக்கு அது. பந்தலுக்கு யோசித்த தொகையில் சிறு பங்கை எடுத்து, அனோரதா சாலைப் பக்கத்தில் எங்கள் கிடங்கு இருந்த தெருவில் டான்பவுக் போட்டோம். சமைக்க வெளியாள் வைக்கவில்லை. எங்களிடம் மசாலா வாங்குகிற டான்பவுக் கடைக்காரர்களையே அழைத்து, ஒவ்வொரு அண்டாவுக்கும் முன்னால் அந்தந்தக் கடையின் பெயரை எழுதி வைத்தோம். எங்கள் பெயர் தெருமுனைத் துணியில் ஒரே ஒரு இடத்தில், தானம் கொடுத்தவர் என்று. விலைப்பட்டியல் கிடையாது, கூப்பன் கிடையாது. தானத்தில் வியாபாரம் பேசினால் பர்மியர் முகம் சுளிப்பார்கள். கொடுத்தவர் பெயரைச் சொன்னால் மட்டும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒலிபெருக்கியில் சொல்லி "சாது, சாது" என்று சேர்ந்து வாழ்த்துவதே அவர்கள் மரபு.

அன்று எடுத்த படங்களை அந்தக் கடைக்காரர்கள் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். அவர்கள் வாடிக்கையாளர்கள், சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லோரும் பகிர்ந்தார்கள். எங்கள் பேஜில் நாங்கள் போட்டதைவிட அவை அதிகம் பேருக்குப் போயின. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், பேஜ்களின் போஸ்டைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தாரின் போஸ்டை முன்னால் காட்டப்போவதாகச் சொன்னபோது பல கம்பெனிகள் தலையில் கைவைத்தன. எங்களுக்கு அது அவ்வளவாக உறைக்கவில்லை. பேசுகிறவர் கம்பெனியாக இல்லாமல் கடைக்காரராக இருந்ததுதான் காரணம்.

படம் எடுக்கும்போது ஒன்றில் கண்டிப்பாக இருந்தேன். தட்டை நீட்டிச் சோறு வாங்குகிறவர் முகம் படத்தில் வரக்கூடாது. அண்டா, ஆவி, கரண்டி பிடித்த கை, வேர்வை வழிகிற சமையல்காரர், இவை போதும். விழா முடிந்து "ஆயிரம் ஏழைகளுக்கு உணவு" என்று தலைப்பு வைத்துக் கம்பெனிக்காரர்கள் வரிசையாக நின்று எடுக்கிற படங்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வரிசையில் நின்றவர்கள் அடுத்த வாரம் நம் பாக்கெட்டை வாங்கப்போகிறவர்கள் என்பது கூடவா தெரியாது?

கோயில் திருவிழாக்கள் வேறு கணக்கு. பீலிக்கான் போன்ற இடங்களில் திருவிழாக் கூட்டத்தில் பர்மியரும் கணிசமாக வருவார்கள், நேர்த்திக்கடன் அவர்களுக்கும் உண்டு. அங்கே மோர்ப்பந்தல் வைப்பது நல்லதுதான், ஆனால் கோழிப் படம் போட்ட பாக்கெட்டை மேஜையில் அடுக்கி வைக்கக்கூடாது. விரதம் இருந்து வருகிறவர் கண்ணில் அது படக்கூடாதல்லவா? சாம்பார்ப் பொடி, ரசப் பொடி மட்டும் போதும். இதேபோல் வாசோ முழுநிலவிலிருந்து தடிஞ்சூட் முழுநிலவு வரைக்கும், ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை, பௌத்தர்களின் மழைக்கால விரதம். பலர் மாமிசம் விடுவார்கள். கல்யாணம் நடக்காது. கல்யாண டான்பவுக்கை நம்பி அந்த மாதங்களில் விளம்பரம் செய்வது வீண். பருப்பு, பட்டாணி, கத்தரிக்காய்ச் சமையல் வீடியோக்களை அப்போதுதான் ஓட்டுவோம். தடிஞ்சூட் முடிந்த மறுநாளிலிருந்து கல்யாண விளம்பரம். தீபாவளி பர்மாவில் அரசு விடுமுறை நாள். அன்றைக்குத் தமிழில் ஒரு வாழ்த்தும் பர்மிய மொழியில் ஒரு வாழ்த்தும் போடுவோம், விற்பனை எதுவும் சொல்லாமல். எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். அந்த ஒரு வரியை அவர்கள் எழுத்துக் கூட்டி வாசித்துக் கமெண்ட் போடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். வியாபாரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

சூப்பர் மார்க்கெட்டில் மேஜை போட்டுச் சுவைக்கக் கொடுப்பதும் செய்தோம். வாசனைதான் அங்கே விளம்பரம், பேனர் தேவையே இல்லை. பல கம்பெனிகள் அங்கே நிற்கும் பெண்களிடம், "பேஜை லைக் செய்தால் ஒரு பாக்கெட் இலவசம்" என்று சொல்லச் சொல்வார்கள். வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் லைக்கை எடுத்துவிடுகிறார்கள், எடுக்காவிட்டாலும் அந்த லைக்கால் பிரயோசனம் இல்லை. நாங்கள் வேறொன்று கேட்கச் சொன்னோம்: "அக்கா, உங்கள் தெருவில் எந்தக் கடையில் மளிகை வாங்குகிறீர்கள்?" யாரும் மறைக்காமல் சொல்வார்கள். தமுவே, இன்செயின், தாக்கேத்தா என்று பகுதி வாரியாக எழுதி வைத்தால், எங்கள் சரக்கு போகாத கடைகளின் பட்டியல் மாலையில் விற்பனையாள் கையில் இருக்கும். மறுவாரம் அவர் அந்தக் கடைக்குப் போய், "உங்கள் தெருப் பெண்கள் கேட்கிறார்கள்" என்று உண்மையாகவே சொல்லலாம்.

என்னைக் கேட்டால், செலவுக்கு மிக அதிகம் திருப்பித் தந்த விழா வருடக் கடைசி ஏஜென்ட் விருந்துதான். வெளியாட்களுக்குத் தெரியாத விழா. பகோ, மோல்மீன், மாண்டலே ஏஜென்ட்கள் குடும்பத்தோடு வருவார்கள். சாப்பாடு, குலுக்கலில் மோதிரமோ மோட்டார் சைக்கிளோ, புதுக் காலண்டர் கட்டுகள். மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கும்போது மனைவியையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுப்போம். பல ஊர்களில் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது அந்த அம்மாதான். அந்தப் படம் அவர்கள் கடைச் சுவரிலும் ஏறும், ஃபேஸ்புக்கிலும் ஏறும். அப்புறம் வருடம் முழுக்கப் போட்டிக் கம்பெனி ஆள் வந்து அரை சதவீதம் கூடுதல் கமிஷன் பேசினாலும் அவ்வளவு சீக்கிரம் அசையமாட்டார்கள்.

எது பலித்தது என்று பார்க்க நான் வைத்திருந்தது ஒரு சாதாரண நோட்டு. விழா நடந்த பகுதியில் அதற்கு முந்தைய மாத விற்பனை, பிந்தைய மாத விற்பனை, விழா நடக்காத பக்கத்துப் பகுதியின் அதே கணக்கு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். லைக் எண்ணிக்கையை அதில் எழுதுவதில்லை.

2020 ஏப்ரலில் கோவிட் காரணமாகத் திஞ்சான் கொண்டாட்டம் ரத்தானது. அடுத்த பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, சில நாட்களில் ஃபேஸ்புக் முடக்கப்பட்டது. ஜனங்கள் விபிஎன் போட்டு உள்ளே போனார்கள், ஆனால் அங்கே அப்போது மசாலா விளம்பரம் போடுகிற மனநிலையும் சூழ்நிலையும் யாருக்கும் இல்லை. ராணுவத்தோடு தொடர்புள்ள கம்பெனிகளின் சரக்கை மக்கள் புறக்கணித்தார்கள், எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் இதன் முதலாளி யார் என்று கேட்டார்கள். எங்கள் குடும்பத்தை ஏஜென்ட்கள் நேரில் அறிந்திருந்ததால், அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. அவர்களே சொன்னார்கள். பல வருட உழைப்பில் சேர்ந்த பேஜ் ஒரே வாரத்தில் கைக்கு எட்டாததாகிவிட்டது. வியாபாரத்தை ஓட்டியது விருந்துப் பதிவேட்டிலும் ஆர்டர் நோட்டிலும் இருந்த போன் நம்பர்கள். அதனால்தான் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: ஆன்லைனில் ஆர்டர் தந்தவரின் பெயர், போன், ஊர் மூன்றையும் அன்றன்றைக்கே தனியாக எழுதி வையுங்கள், அதை அவருக்கு ஆர்டர் விஷயமாகப் பேச மட்டும் பயன்படுத்துங்கள்.

அந்த நம்பர்களை வைத்து, வாட்ஸ்அப் மாதிரியான வைபர் செயலியில் பகுதி வாரியாகக் கடைக்காரர் குழுக்கள் தொடங்கினோம். காலையில் அன்றைய விலை, வண்டி எந்தப் பக்கம் போகிறது, எந்தச் சரக்கு தீர்ந்தது, இவ்வளவுதான் அதில் வரும். காலை வணக்கப் படம், பூப் படம், பொன்மொழி எதற்கும் அனுமதி இல்லை. டாலர் ஏறி விலை மாறினால் பாக்கெட் வாரியாகப் பழைய விலை, புதிய விலை இரண்டையும் போடுவோம். ஆரம்பத்தில் ஒரு குழுவில் விற்பனையாள் ஒருவர் ஆர்வக்கோளாறில் தினமும் வாழ்த்துப் படம் அனுப்ப, கடைக்காரர்கள் அறிவிப்பையே மௌனமாக்கிவிட்டார்கள். வண்டி வருகிற செய்தி போய்ச் சேரவில்லை. அவரை அந்தக் குழுவிலிருந்து எடுத்துவிட்டு, கணக்குப் பார்க்கிற பெண்ணிடம் பொறுப்பைக் கொடுத்தோம்.